சம்பந்தத்தின் கார் ஓய்வெடுத்த கதை

ஒரு பொருளை யாரும் தொடாமல், தூசு படாமல், எவருக்கும் உதவாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமா? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் திருஞானசம்பந்தத்திடம் கொடுத்தால் போதும். மனிதர் அதற்கென்றே பிறந்தவர். குடையை மஞ்சள் பையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்தபடி ஒருவர் தெருவில் நடந்து போனால் அது அவர்தான். "குடையைப் பிரிக்கலாமே?" என்று யாராவது கேட்டால், "நனைஞ்சா கம்பி துருப்புடிச்சிடும்பா" என்பார். சொல்லும்போதே மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டும்.

அவரைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அம்சவேணி இதைச் சிக்கனம் என்று நினைத்தாள். பெருமையாகக்கூட இருந்தது. இது சிக்கனமில்லை, ஒரு வியாதி என்று அவளுக்குப் புரிந்தபோது பிள்ளை சிவபாலன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள்ளேயே குடியிருந்தது. பெட்டியைக் கரையான் தின்ற பிறகுதான் வெளியே வந்தது, வந்து ஓடவுமில்லை. டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் இரண்டு ரப்பர் பேண்டு. எந்தப் பட்டனை அழுத்தினாலும் சேனல் மாறாது. "எல்லாத்திலயும் அதேதான் ஓடுது, இதையே பாரு" என்று முடித்துவிடுவார்.

ஆனால் தறியில் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. அவர் நெய்த சேலையில் ஒரு இழை பிசகியது என்று எந்தக் கடைக்காரரும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் வந்த வினை என்னவென்றால், உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் தறியிலேயே பதில் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் என்றால், "பாவு நூலை ரொம்ப இறுக்கிட்டார், தளர்த்தி வுட்டா சரியாப்பூடும்" என்பார். மாமியார் மருமகள் சண்டையிலும் இதே வைத்தியம்தான் சொல்வார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு டாக்டரிடம் போவார்கள்.

இந்த வீட்டுக்குத்தான் ஒரு கார் வந்தது.

சிவபாலன் கனடாவில் வேலை பார்க்கிறான். போன ஆவணியில் லீவில் வந்தவன், பஸ் ஸ்டாண்டில் தன் அம்மா பஸ் ஏறுவதைப் பார்த்தான். அம்சவேணிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து, ஒரு காலை மேலே வைத்து, அடுத்த காலை அவள் இழுத்துக்கொள்வதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். அந்த வாரமே பையன் வெள்ளை நிறத்தில் ஒரு கார் வாங்கிச் சாவியை அம்மா கையில் கொடுத்தான். "இது உனக்குதாம்மா. இனிமே நீ பஸ் ஏறக் கூடாது" என்றான். அம்சவேணி அழுதுவிட்டாள். அவள் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் சாவி பீரோவுக்குள் போய்விட்டது.

சும்மா சொல்லக் கூடாது, சம்பந்தம் காருக்கு எல்லா மரியாதையும் செய்தார். தறிக் கொட்டகையின் ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு, நெய்கிறவர் கால் வைக்கும் குழியை மூடித் தரை போட்டு இடம் பண்ணினார். டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கினார். பிளாஸ்டிக் அட்டையாகவே வந்த லைசென்ஸை மறுபடி லேமினேட் செய்தார். கம்பெனிக்காரன் சீட்டில் போட்டுக்கொடுத்த பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. எலி வராமலிருக்க உள்ளே அந்துருண்டை. பானெட்டில் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை தோறும் பூஜை முடிந்ததும் காருக்கு மேல் போட்டிருந்த கவரைப் பாதி தூக்கி, உள்ளே ஏறி உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு அணைத்துவிட்டு இறங்கிவிடுவார். கார் ஒரு அடி நகராது.

தெருக்காரர்கள் கொட்டகைக்கு வாகன மண்டபம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சம்பந்தத்துக்கு அதில் கோபம் வரவில்லை. "சாமி வாகனமே வருஷத்துல ஒரு நாள்தாம்மா வெளிய வருது. தெனம் தெனம் எடுத்தா மவுசு இருக்குமா?" என்று மனைவியிடம் நியாயம் பேசினார்.

"சாமிக்கு முட்டி வலி இல்லீங்க" என்றாள் அம்சவேணி.

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் பஸ்ஸிலேயே போய் வந்துகொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. காருக்குச் சேறு ஆகாது என்று வெள்ளிக்கிழமை பூஜை தவிர மற்றதெல்லாம் ஒத்திவைக்கப்பட்டது. மற்றது என்று ஏதாவது இருந்தால்தானே! அந்தச் சமயத்தில் சிவபாலன் போன் செய்தான். காரை எடுக்கிறீர்களா என்று கேட்டான். மழை முடியட்டும் என்றார் அப்பா.

"மாசக்கணக்குல ஒரே எடத்துல நிறுத்தாதீங்கப்பா. இங்க பனிக்காலத்துல நாங்க அப்படித்தான் வண்டியை ஷெட்டுல போட்டு வெப்போம். சும்மா வுட்டா தரையில படற எடம் தட்டையாப் போயி டயர் வீணாயிடும். அதுக்குத்தான் காத்தைக் கொஞ்சம் அதிகமா அடிச்சு வெப்போம். வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் நகர்த்தி வெப்போம். இல்லன்னா ஸ்டாண்டு போட்டுத் தூக்கி வெச்சிடுவோம். ஆனா அதெல்லாம் பனி கொட்டுற ஊருக்குப்பா. நீங்க அம்மாவை உக்கார வெச்சு ஓட்டுங்க, அது போதும்."

இத்தனையும் கேட்ட சம்பந்தத்துக்கு மனதில் நின்றது ஒன்றுதான்: கனடாவிலும் காரை மாதக்கணக்கில் மூடித்தான் வைக்கிறார்கள். உலகமே தன் கட்சி என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் காற்றை அதிகமாக அடிக்கச் சொன்னது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். மழைக்குத் தறி நின்றுவிட்டால் யாராவது பாவை முறுக்கி இழுத்துக் கட்டுவார்களா? தளர்த்திவிடுவார்கள். இல்லாவிட்டால் நூல் விட்டுப்போகும். வேலை செய்யாத பொருளை விறைப்பாக வைப்பது பாவம். பையன் படித்தவன்தான், ஆனால் தறிக்குழியில் காலை வைத்தவன் இல்லையே!

அன்று சாயங்காலம் கொட்டகையிலிருந்து 'புஸ்ஸ்' என்று சத்தம் கேட்டு அம்சவேணி பாம்போ என்று ஓடிவந்தாள். சம்பந்தம் குந்தி உட்கார்ந்து, தீக்குச்சியால் ஒரு டயரின் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். காரின் ஒரு மூலை மெல்ல அமுங்கியது.

"இன்னாங்க பண்றீங்க?"

"ஓய்வு குடுக்கறேன். மூணு மாசம் சும்மா நிக்கப்போவுது. எதுக்கு வயித்தை உப்பிக்கினு நிக்கணும்?"

"புள்ளை காத்தை ஏத்தச் சொன்னானே."

"அவன் சொல்றது பனிக்கு. இது மழை."

 அன்று காலைதான் அம்சவேணி பீரோவைத் திறந்து பட்டுச் சேலைகளை எடுத்து மடிப்பு மாற்றி வைத்திருந்தாள். ஒரே மடிப்பில் விட்டால் அந்த வரியிலேயே பட்டு இற்றுப்போகும் என்பது காஞ்சிபுரத்தில் பாவாடை கட்டுகிற பெண்ணுக்கும் தெரியும்.

"பொடவையை மடிப்பு மாத்தி வெக்கிறோம் இல்ல? அந்த மாதிரி வாரத்துக்கு ஒரு தபா முன்னால பின்னால கொஞ்சம் தள்ளியாவது வெய்யுங்க. ஒரே எடத்துல குந்திக்கினு இருந்தா எதுதான் தாங்கும்?"

சம்பந்தம் பரிதாபமாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "காரும் பொடவையும் ஒண்ணாடி?" என்று கேட்டுவிட்டு அடுத்த டயருக்கு நகர்ந்தார். காரும் பாவும் ஒன்றாக இருக்கலாம், காரும் புடவையும் ஒன்றாக இருக்கக் கூடாது! நான்கும் முடிந்த பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கும் ஓய்வு கொடுத்தார். அதை மட்டும் பாக்கி வைப்பானேன்?

தை பிறந்ததும் வாலாஜாபாத்திலிருந்து அம்சவேணியின் தங்கை இந்திராணி போன் செய்தாள். வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவள், ஒரு வழியாகச் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டாள். சின்ன வீடுதான். வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சுகிறார்கள்.

"பெரியக்கா வந்து பாலைப் பொங்க வெச்சாத்தான் நான் உள்ள போவேன். எப்படியாவது இட்டுக்கினு வா அக்கா" என்றாள்.

பெரியக்கா என்றால் மஹாலட்சுமி. இவர்களுடைய அம்மா போனபோது இந்திராணி தவழ்கிற குழந்தை. அவளைத் தூக்கி வளர்த்தவள் பெரியவள்தான். இப்போது எழுபது தாண்டி, இடுப்பு ஒடிந்து, இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள். பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆட்டோவில் குலுங்கினால் தாங்கமாட்டாள். தங்கையின் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் அவள் போய் வருஷக்கணக்காகிறது. அம்சவேணி அன்றைக்கே போய் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கார் இருக்குதுக்கா. முன்னால சீட்டுல உன்னைய ராணி மாதிரி உக்கார வெச்சு இட்டுக்கினு போறேன்."

மஹாலட்சுமி உடனே மருமகளைக் கூப்பிட்டு, பரணில் இருந்த பித்தளைப் பால் பானையை இறக்கிப் புளி போட்டுத் துலக்கச் சொன்னாள்.

சம்பந்தம் மறுப்பார் என்று எதிர்பார்த்து, பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன அம்சவேணிக்கு ஏமாற்றம். அவர் உடனே ஒப்புக்கொண்டார். வாகனம் புறப்படுவதற்கு ஏற்ற நாள் இதுதான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கவரை அன்று காலையில்தான் எடுப்பார். முதல் நாளே எடுத்தால் தூசு படியும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சம்பந்தம் பட்டுக்கரை வேட்டி கட்டி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிவிட்டுக் கவரை முழுவதுமாக உருவினார். மினுமினுவென்று கார் நின்றது. நின்றது என்று சொல்வது தப்பு. குந்தியிருந்தது. நான்கு டயரும் தரையோடு பிதுங்கி, இரும்பு விளிம்பே தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது.

"காத்து அடிச்சா சரியாப்பூடும்" என்றார் சம்பந்தம். குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது.

தெருமுனையில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்துப் பிழைக்கிற சாமுவேலைக் கூப்பிட்டார்கள். அவன் காற்றடிக்கும் மெஷினோடு வந்து, குனிந்து பார்த்து, டயரைத் தடவினான்.

"ண்ணா, இது இன்னா டயரா, ஊத்தப்பமா? யாரு காத்தைப் புடுங்கினது? பசங்களா?"

"நான்தாம்பா. ஓய்வா இருக்கட்டும்னு…"

சாமுவேல் சிரிப்பை அடக்கச் சிலுவை டாலரை வாயில் கடித்துக்கொண்டான். "வண்டியோட மொத்த வெயிட்டும் மூணு மாசமா ஒரே மடிப்பு மேலயே குந்திக்கினு இருந்துக்குது ண்ணா. காத்து இருந்தா அது தாங்கியிருக்கும்" என்றான்.

காற்று ஏற ஏறக் கார் எழுந்தது. அம்சவேணி குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும், மடிந்திருந்த இடத்தில், பீரோவில் மறந்துபோன பட்டு இற்றுப்போவதைப் போலவே வரி வரியாக வெடிப்பு ஓடியிருந்தது. திட்டித் தீர்க்கத்தான் தோன்றியது. ஆனால் நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "கெளம்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

அக்காவின் வீட்டு வாசல் வரைக்கும் எப்படியோ வந்தார்கள். சாமுவேல் தன் வண்டியில் பின்னாலேயே வந்து, மஹாலட்சுமியைத் தூக்கி முன் சீட்டில் பூப்போல வைத்தான். பாலிதீன் உறை சரசரத்தது. துலக்கிய பானை மடியில், வெற்றிலை பாக்கு பானைக்குள். கார் நகர்ந்ததும் குடக், குடக் என்று சீரான தாளத்தில் ஏறி இறங்கியது.

"ஏண்டி அம்சா, ரோடு சரியில்லையா?"

"ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்குதுக்கா. டயருதான் சதுரமா இருக்குது."

"ஓட ஓட உருண்டையாயிடும்" என்றார் சம்பந்தம், ஸ்டியரிங்கை விடாமல் கட்டிக்கொண்டு.

ஓட ஓட என்பதற்கெல்லாம் அது இடம் கொடுக்கவில்லை. டீக்கடை முனையில் திரும்பும்போது முன் டயர் படாரென்று பக்கவாட்டில் கிழிந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

சம்பந்தம் பதறிக்கொண்டு இறங்கினார். ஓடிப் போய் முதலில் பார்த்தது பம்பரை. பிறகு பெயிண்டை. மனைவியின் அக்காவுக்கு அடி பட்டதா என்று கேட்டது டீக்கடைக்காரர்தான்.

மஹாலட்சுமிக்கு அடியில்லை. பானையை இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "பால் பொங்கற நேரம் தாண்டிடுமாடி?" என்று சின்னக் குரலில் கேட்டாள். அந்தக் குரல் அம்சவேணியைக் குத்திக் கிழித்துவிட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் ரிமோட்டுக்காகவும் மிக்ஸிக்காகவும் அவள் கோபப்பட்டதெல்லாம் கோபமே இல்லை. இந்த மனுஷனைக் காரோடு சேர்த்துப் பாலாற்றில் தள்ளினால் என்ன என்று அந்த நிமிஷம் மனதார நினைத்தாள்.

சாமுவேல் தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்தான். "ஸ்டெப்னி மாட்டினாலும் மத்த மூணும் வாலாஜாபாத் போவாதுக்கா. வெடிச்சா ஆபத்து. நம்ம வண்டியில ஏறுங்க. பெரிம்மாவை நடுவுல சேர் போட்டு உக்கார வெச்சுக் கட்டிடலாம். மெதுவாப் போறேன்."

"இன்னாது, லோடு வண்டியிலயா?" என்றார் சம்பந்தம். "தெருவே சிரிக்கும்பா."

"தெரு எப்பவோ சிரிக்க ஆரம்பிச்சாச்சுங்க" என்றாள் அம்சவேணி. "நீங்களும் வந்து ஏறுங்க, நேரமாவுது."

சம்பந்தம் வண்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். டிக்கியைத் திறந்து கவரை வெளியே எடுத்தார். "நடு ரோட்டுல வுட்டுட்டு எப்பிடி வர்றது? எவனாவது கீறிட்டா? நீங்க போங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்."

 டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை வைத்து, மஹாலட்சுமியை அதில் உட்காரவைத்து, பாவு கட்டுகிற கயிற்றால் சாமுவேல் நாற்காலியை வண்டியோடு கட்டினான். அவள் பக்கத்திலேயே கோணி விரித்து அம்சவேணி உட்கார்ந்து நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டாள். குட்டியானை நகர்ந்தது. வருஷக்கணக்காக ஜன்னல் கம்பிக்கு வெளியே தெரிந்த அளவுக்குத்தான் ஊரைப் பார்த்திருந்த மஹாலட்சுமி இப்போது நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் கை காட்டினாள். தெரியாதவர்களுக்கும் காட்டினாள். ஊரைத் தாண்டி வயல் காற்று முகத்தில் அடித்ததும், "கார்னா கண்ணாடிய மூடியிருப்பாருடி உன் வூட்டுக்காரரு" என்றாள். அம்சவேணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இந்திராணி வீட்டில் நல்ல நேரம் முடிகிற விளிம்பில் இருந்தது. யாரும் அடுப்பைத் தொடவில்லை. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்கு எதிரே வைத்தார்கள். மஹாலட்சுமி துலக்கிய பானையில் பாலை ஊற்றினாள். பால் பொங்கி வழிந்தபோது அக்கா தங்கை மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது டீக்கடை முனையில் கார் அங்கேயே இருந்தது. முழுக்கக் கவர் போட்டு, நான்கு பக்கமும் முடிச்சுப் போட்டிருந்தது. பக்கத்தில் கல்லின் மேல் சம்பந்தம். வெயிலில் முகம் கறுத்து, வேட்டியில் தூசு படிந்திருந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். சாப்பிடப் போனால் யார் பார்த்துக்கொள்வது?

சாமுவேல் வண்டியை நிறுத்தினான். அம்சவேணி கீழே இறங்கி, கொண்டுவந்த பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லா நடந்துதா?" என்று கேட்டார்.

"நடந்துது."

"என்னைய கேட்டாங்களா?"

"கேக்காம இருப்பாங்களா? மாமா எங்கக்கான்னு இந்திராணி கேட்டா."

"இன்னா சொன்ன?"

"கவர் போட்டு வெச்சிருக்கேன், வெளிய எடுக்கறது இல்லைன்னு சொன்னேன்."

வண்டியின் மேலே நாற்காலியில் இருந்த மஹாலட்சுமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சாமுவேல் தெருவின் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். சம்பந்தம் வாயைத் திறந்தார். தறியிலிருந்து எடுத்துச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று தேடிப் பார்த்திருப்பார் போலும். ஒன்றும் அகப்படவில்லை. தலையைக் குனிந்து பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு பால்கோவா. ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பழக்கதோஷம், கை தானாகக் காகிதத்தைத் திரும்ப மடித்துச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனது.

"இப்பவே சாப்புடுங்க. வெச்சா கெட்டுப்பூடும்" என்றாள் அம்சவேணி.

அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள். பிறகு அக்காவை வீட்டில் விட்டுவரச் சாமுவேலின் வண்டியில் ஏறிக்கொண்டாள், இந்தத் தடவை முன் சீட்டில்.